கோட்டுக்கு மேல் ஏறிய ரோஸ் தண்ணீர்

தன் நிழல் கொஞ்சம் வேகமாக நடந்தாலே தோரிக்குச் சந்தேகம் வந்துவிடும். வைத்த பேர் ஹால்தோர். வின்னிபெக் ஏரிக்கரையிலுள்ள கிம்லி வட்டாரத்தில் அப்படிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, தோரி என்றால் சின்னப்பிள்ளையும் வழிகாட்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை கோதுமைக் கிடங்கில் எடை மேடைக்காரர். லாரியில் வரும் கோதுமைக்குள் முழங்கைவரை கையை விட்டு, அடியில் ஈரம் இருக்கிறதா, தண்ணீர் தெளித்து எடையைக் கூட்டியிருக்கிறார்களா என்று துழாவுவதுதான் உத்தியோகம். ஈரம் பிடிபடாத நாளில் மனிதருக்குச் சாப்பாடே இறங்காது என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை ஓயவில்லை. ஹோட்டலில் தன் தட்டில் வந்த ஆப்பிள் பை துண்டையும் பக்கத்து மேஜைத் துண்டையும் கழுத்தை நீட்டி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கரண்டியை எடுப்பார். கெட்டவர் இல்லை. யாருக்கும் ஒரு பைசா துரோகம் செய்ததில்லை. அதனாலேயே மற்றவர்கள் செய்வார்கள் என்று எப்போதும் காத்திருந்தார்.

மனைவி ரூனா அதற்கு நேர் எதிர். வின்னிபெக் ஏரியில் வலை வீசிப் பிழைத்த குடும்பத்துப் பெண். அவளுக்கு முழங்கால் போனதும் ஊரிலிருந்த வீட்டை விற்றுவிட்டு நகரத்தில் அடுக்குமாடி வீட்டுக்குப் போனார்கள். அங்கே ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். குளிர்காலம் முழுக்க ரூனா அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மே மாதம் பிறந்து, ஏரிக்கரைக் கோடை முகாமில் நிற்கும் தங்கள் பழைய ட்ரெய்லருக்கு, அந்தச் சக்கரம் வைத்த வீட்டுக்கு, வந்து இறங்கினால்தான் அவளுக்கு மூச்சு ஒழுங்காக வரும். படியில் உட்கார்ந்தால் முன்னால் ஏரி, நடுவில் ஒரு மரம்கூடக் கிடையாது. முகாமிலேயே நல்ல இடம் அதுதான்.

அந்த இடத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. பழைய ட்ரெய்லர்களை முகாமுக்குள் புதிதாகக் கொண்டுவர விடமாட்டார்கள். ஏற்கெனவே நிற்பது நல்ல நிலையில் இருக்கும்வரை நிற்கலாம். பழுதாகி வெளியே போனால் இடம் கைவிட்டுப் போகும், காத்திருப்பவர்களில் முதல் ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். தோரியின் வண்டியோ மகள் பள்ளிக்கூடம் போன காலத்து வண்டி. புதிது வாங்கும் வசதி இல்லை. ஆக, அந்தத் தகரக் கூடு இருக்கும்வரைதான் ரூனாவுக்கு ஏரி.

காத்திருப்பவர்களில் முதல் ஆள் யார் என்பதும் முகாமில் எல்லாருக்கும் தெரியும். எதிர் ட்ரெய்லர் ஒரெஸ்ட் நாத்யூக்கின் மகன் தாரஸ். அப்பாவுக்குப் பக்கத்திலேயே இடம் வேண்டும் என்று பல வருடமாகக் காத்திருக்கிறான். சனி, ஞாயிறு வந்தால் மனைவி, பிள்ளைகளோடு அப்பாவின் ட்ரெய்லரில் நெருக்கியடித்துக்கொண்டு படுப்பான்.

அக்டோபர் மாத நன்றிப் பண்டிகை வாரத்தோடு முகாமை மூடிவிடுவார்கள். அதற்குள் எல்லாரும் தங்கள் வண்டிக் குழாய்களைப் பனிக்குத் தயார் செய்துவிட வேண்டும். குழாயில் ஒரு முழம் தண்ணீர் தங்கினாலும் ஜனவரிக் குளிரில் உறைந்து, விரிந்து, குழாயைப் பிளந்துவிடும். அதற்காகக் கேன் கேனாக ரோஸ் நிற ஆன்டிஃப்ரீஸ், அதாவது குளிரில் உறையாத திரவம், வாங்கி, குழாய்க்குள் ஏற்றுவார்கள். ஒருவர் வெளியே கேனில் குழாயைப் போட்டுக்கொண்டு நிற்பார். இன்னொருவர் உள்ளே ஒவ்வொரு குழாயாகத் திறந்து, ரோஸ் நிறம் வந்ததும் குரல் கொடுப்பார். மே மாதம் நல்ல தண்ணீரை விட்டு அதைத் தள்ளி வெளியேற்றுவார்கள். ஊரில் எல்லாரும் அதை அப்படியே கழிவுக் குழியில் விட்டுவிடுவார்கள். தோரி விடமாட்டார்.

வாளி வைத்துப் பிடிப்பார். தேங்காய்ப் பால் எடுப்பது மாதிரி, முதலில் வரும் கெட்டியான ரோஸ் ஒரு பக்கம், பின்னால் வரும் வெளிறிய ரோஸ் இன்னொரு பக்கம். முதல் பால் முகாமிலேயே தகரக் கொட்டகையில் இருக்கும், அக்டோபரில் மறுபடி குழாய்க்குள் போகும். இரண்டாம் பால் அவசரத்துக்கு என்று நகரத்து வீட்டின் கீழே, பூட்டிய அறையில் அடுக்கப்படும். கொட்டகைக் கேன்களில் கறுப்பு மார்க்கரால் அளவுக்கோடு போட்டுவைப்பார். அந்தக் கொட்டகைக்குப் பூட்டு கிடையாது. முகாமில் யாரும் எதையும் பூட்டுவதில்லை.

"பாத்தியாய்யா, போன வருஷம் போட்ட அளவு அப்படியே திரும்பி வந்திருக்கு. ஒரு சொட்டு குறையல" என்று வருடா வருடம் ஒரெஸ்டிடம் காட்டிப் பெருமைப்படுவார்.

"குறையாது தோரி. குழாய்ல கெடந்த தண்ணி எல்லாம் அதுல சேந்துட்டா எப்படிக் குறையும்?" என்பார் ஒரெஸ்ட். "வருஷா வருஷம் நீர்த்துக்கிட்டே போகும்யா. கலர் மட்டும் இருந்தா ஆச்சா? எங்கிட்ட கம்ப்ரஸர் இருக்கு, காத்தடிச்சுத் தண்ணிய வெளிய தள்ளித் தரேன். உனக்கு இந்த ரோஸ் தண்ணியே வேணாம்."

"காத்து கண்ணுக்குத் தெரியுமா? தெரியாததை எப்படி நம்புறது?"

"உன்னைக் கட்டிக்கிட்டு ரூனா எப்படித்தான் காலந்தள்ளுறாளோ."

"இத்தனை வருஷமா எங்குழாய் ஒண்ணாவது வெடிச்சிருக்கா, சொல்லு."

இதற்கு மட்டும் ஒரெஸ்ட் தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவார். தோரிக்கு அது வெற்றி.

அந்த வருடம் பண்டிகைக்கு முந்தின வாரம், தோரி கொட்டகையிலிருந்து கேன்களை எடுத்து வெளியே வைத்தார். வைத்தவர் அப்படியே குனிந்தபடி நின்றுவிட்டார். ரோஸ் தண்ணீர் கோட்டுக்கு மேலே இருந்தது. ஒரு கேனில் என்றால் கண் மங்கிவிட்டது என்று விடலாம். எல்லாக் கேனிலும் இரண்டு விரல் உயரத்துக்கு ஏறி நின்றது.

குறைந்திருந்தால்கூட மனிதர் இவ்வளவு கலங்கியிருக்கமாட்டார். திருடன் எடுப்பான், அது புரிகிறது. எவனாவது கொண்டுவந்து ஊற்றுவானா? ஊற்றுகிறான் என்றால் எதையோ எடுத்ததை மறைக்கத்தான் ஊற்றுகிறான். நல்லதை எடுத்துக்கொண்டு தண்ணீரை விட்டு நிரப்பியிருக்கிறான், அவசரத்தில் கோட்டைத் தாண்டிவிட்டது. கோதுமையில் தண்ணீர் தெளித்தவனை எல்லாம் பிடித்த கைக்கு இது பிடிபடாதா? எடை மேடையில் நின்ற காலத்து உற்சாகம் அவருக்குத் திரும்பி வந்தது. ரூனாவிடம்கூட மூச்சு விடவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்திருக்கத் தொடங்கினார்.

ரொம்ப நாள் காக்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் ஒரெஸ்ட் ஒரு தட்டில் வரேனிகி கொண்டுவந்து கொடுத்தார். உருளைக்கிழங்கு வைத்துப் பிடித்த கொழுக்கட்டை, ரூனாவுக்கு உயிர். அவர் தட்டை நீட்டியபோது தோரியின் கண் தட்டில் இல்லை, சட்டைக் கையில் இருந்தது. மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ரோஸ் கறை.

"கையில என்னய்யா?"

ஒரெஸ்ட் சட்டென்று கையை மடித்துக்கொண்டார். "பீட்ரூட்டா இருக்கும். சூப் வச்சேன்."

பீட்ரூட் கறை எப்படி இருக்கும் என்று தோரிக்குத் தெரியாதா? காற்றடித்துக் குழாயைச் சுத்தம் செய்கிறவனுக்கு ரோஸ் தண்ணீரோடு என்ன வேலை? கேட்கவில்லை. வரேனிகியை மட்டும் வாங்கி உள்ளே வைத்தார், தின்னவில்லை. ரூனா தனியாகத் தின்று தீர்த்தாள்.

அன்று சாயங்காலம் தாரஸ் வந்து, தோரியின் ட்ரெய்லர் சுவரில் ஒரு கையை ஊன்றி நின்று ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கொடுத்துவச்சவங்க நீங்க. எங்க இருந்து பாத்தாலும் இந்த மாதிரி தெரியாது" என்றான். சாதாரணமாகச் சொன்ன பேச்சு. ஆனால் தோரி அவன் கை ஊன்றிய இடத்தையே பார்த்தார். கணக்கு இப்போது முழுசாக வந்துவிட்டது. நல்லதை எடுத்தது ஆசைக்காக இல்லை. தண்ணீரை விட்டு நிரப்பினால் குளிரில் குழாய் வெடிக்கும், வண்டி பாழாகும், இடம் காலியாகும், தாரஸ் வந்து உட்காருவான். இத்தனை வருடம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து காப்பி குடித்தது எல்லாம் இதற்குத்தான்.

பண்டிகை அன்று பொதுக்கூடத்தில் விருந்து. வான்கோழி, மசித்த கிழங்கு, ரூனா அடுக்கடுக்காகச் செய்த உலர்பழக் கேக், எல்லாம் நீள மேஜையில் இருந்தது. முகாம் பொறுப்பாளர் கொரின் தட்டுகளை நகர்த்திக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்கு நடுவில் ஒரெஸ்ட் வழக்கம்போலத்தான் கேட்டார்.

"எப்ப தோரி குழாய்க்குப் போடுறோம்? நாளைக்குக் காலையில நான் உள்ள நின்னு குரல் குடுக்கட்டுமா?"

தோரி முள்கரண்டியைக் கீழே வைத்தார். "நீ உள்ள நின்னா எது வந்தாலும் ரோஸ்னுதான் சொல்லுவே."

"அப்படின்னா?"

"எங்கொட்டகையில உனக்கு என்ன வேலை?"

ஒரெஸ்டின் முகத்தில் ஈயாடவில்லை. "யார் சொன்னா?"

"கோடு சொல்லுது. எங்கேன்ல கை வச்சிருக்கே. நல்லதை எடுத்துட்டுத் தண்ணிய ஊத்தியிருக்கே. உம்பையனுக்கு எடம் வேணும்னா நேரா வந்து கேக்கணும்யா. எங்க வண்டிய வெடிக்க வச்சு எடுக்கக் கூடாது."

தாரஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "அப்பா, சொல்லுங்க அவர்கிட்ட. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"உக்காருடா" என்றார் ஒரெஸ்ட். தோரி பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷத்துல என்னைப் பத்தி இதுதான் உனக்குத் தோணுச்சா?"

"இல்லைன்னு சொல்லேன் பாப்போம்."

"இதுக்கு இல்லைன்னு சொல்ற நெலமைக்கு நான் வந்துட்டேன்னா, சொல்லி என்ன ஆகப்போகுது." தட்டை எடுத்துக் கொரினிடம் கொடுத்துவிட்டு ஒரெஸ்ட் வெளியே போனார். தாரஸ் பின்னாலேயே போனான். தோரிக்கு அதுவே ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிட்டது.

ட்ரெய்லருக்குத் திரும்பியதும் ரூனா கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். "பாத்தியா? கண்ணால பாத்தியா?"

"கறையைப் பாத்தேன்."

"கறையைப் பாத்துட்டு ஒரு மனுஷனை ஊர் முன்னாடி திருடன்னுட்டே. எனக்கு முட்டி ஆபரேஷன் ஆனப்ப மாசக்கணக்கா சாப்பாடு கொண்டுவந்தவர் அவரு. சரி, அந்தக் கேன்ல ஒரு கப் எடுத்து ஃப்ரீசர்ல வச்சுப் பாரேன். தண்ணின்னா உறையும்."

"வெறும் தண்ணிதான்னு யாரு கண்டா? குழாயை அரிக்கிற மாதிரி எதையாவது கலந்திருந்தா?"

கொட்டகைக் கேன் அத்தனையையும் தூக்கிக்கொண்டு போய்க் கழிவுக் குழியில் கவிழ்த்தார். வாழ்நாளில் அவர் வீணாக்கிய முதல் பொருள் அதுதான். ரோஸ் தண்ணீர் கெட்டியாக, பளபளவென்று குழிக்குள் இறங்கியது. பிறகு காரை எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போய், பூட்டிய அறையிலிருந்த இரண்டாம் பாலைக் கொண்டுவந்தார். தன் பூட்டுக்குள், தன் சாவிக்குள் இருந்தது. அதில் எவன் கையும் பட்டிருக்க முடியாது.

ஆனாலும் தோரி தோரிதான், சோதிக்காமல் விடுவாரா? ஒரு கப்பில் ஊற்றிப் படியில் வைத்தார். பக்கத்தில் ஒரு கப் பச்சைத் தண்ணீர். காலையில் புல் எல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. பச்சைத் தண்ணீர் மேல் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி. ரோஸ் கப் விரலை விட்டால் அலை அடித்தது.

"வந்து பாரு. ஒரு துளி உறையல" என்று ரூனாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அக்டோபர் பனிக்கு உறையாதது ஜனவரிக்கும் உறையாது என்று நம்பிவிட்டார். யார் பேச்சையும் நம்பாத மனிதர் தன் கப்பை நம்பினார். ரூனா உள்ளே போய், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே ஒவ்வொரு குழாயாகத் திறந்தாள். "ரோஸ்" என்று மட்டும் சொன்னாள். வெளிறியிருந்தாலும் ரோஸ்தான்.

அந்தக் குளிர்காலம் கொடுமையானது. மூக்குமயிர் உறைகிற குளிர் வாரக்கணக்கில் நின்றது. ரூனா எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிறிஸ்துமஸுக்கு ஒரெஸ்டிடமிருந்து வாழ்த்து அட்டை வரவில்லை. "பாத்தியா, குத்தமுள்ள நெஞ்சு" என்றார் தோரி.

மே மாதம் முகாம் திறந்த அன்றே, ஒரெஸ்ட் வருவதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்று தோரி தனியாகக் கிளம்பிப் போனார். தண்ணீரைத் திறந்துவிட்டார். வாளியில் ரோஸ் பிடித்தார், குழாயில் நல்ல தண்ணீரும் வந்தது. கொஞ்சம் மெல்ல வந்தது, அவ்வளவுதான். எல்லாம் சரி என்று முடிவு கட்டி, மெயின் குழாயை மூடாமலே மறுநாள் ரூனாவைக் கூட்டிவர நகரத்துக்குத் திரும்பினார். முன்னெல்லாம் அவர் இல்லாதபோது எதிரிலிருந்து ஒரெஸ்ட் ஒரு கண் வைத்துக்கொள்வார். இந்த முறை ஒரெஸ்டின் ட்ரெய்லர் இன்னும் மூடிக் கிடந்தது. திறந்திருந்தாலும் தோரி சொல்லியிருக்கமாட்டார்.

மறுநாள் ரூனா காரிலிருந்து இறங்கி முதலில் ஏரியைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் கதவுக்கு அடியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தாள்.

குளியலறைச் சுவருக்குப் பின்னால் குழாய் நீளவாக்கில் பிளந்திருந்தது. பம்பு பிளந்திருந்தது. ராத்திரி முழுக்கச் சுவருக்குள் ஓடிய தண்ணீரில் மரத்தூள் பலகைத் தரை ஊறி, உப்பி, காலை வைத்த இடமெல்லாம் இறங்கியது. தோரி ஒரு காலை வைத்தார், முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. கொரின் வந்து பார்த்தாள். அவளுக்கும் மனசு கேட்கவில்லை, ஆனால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

"இதுக்கு மேல இது நிக்க முடியாது தோரி. தரை போச்சு, சட்டமே வளைஞ்சிருக்கு. இந்த மாசத்துக்குள்ள இழுத்துட்டுப் போகணும்."

"அவந்தான்" என்றார் தோரி. "அவன் என்னவோ பண்ணியிருக்கான். நான் கீழ ஊத்தினதுக்கு அப்புறமும் ஏதோ பண்ணியிருக்கான்."

கொரின் அவரை வெறித்துப் பார்த்தாள். "ஒரெஸ்டா? அவரு வருஷா வருஷம் செப்டம்பர்ல நம்ம முகாம் கடையில ரெண்டு பெட்டி புது ஆன்டிஃப்ரீஸ் வாங்குவாரு. காத்தடிக்கிறவருக்கு இது எதுக்குன்னு ஒரு தடவை கேட்டேன். 'எதிர்வீட்டுக்காரன் கேன்ல இருக்கிறது வெறும் கலர்த் தண்ணி. சொன்னா கேக்கமாட்டான். அதுல பாதியக் கீழ ஊத்திட்டு இதை ஊத்திவைக்கிறேன், அவனுக்குத் தெரிய வேணாம்'னாரு. போன செப்டம்பர்ல அளவு கொஞ்சம் கூடிப்போயிருக்கும். அன்னைக்கு விருந்துல அவரே சொல்லுவாருன்னு நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அவரு சொல்லல."

தோரிக்குக் குழிக்குள் இறங்கிய அந்தக் கெட்டியான ரோஸ் நிறம் கண்ணுக்குள் நின்றது. ரூனா படியில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதாளா என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை.

அந்த வாரக் கடைசியில் ஒரெஸ்ட் வந்ததும் தோரி ரோட்டைக் கடந்து போனார். நடுவில் இருப்பது சின்ன மண் ரோடுதான். ஆனால் அவர் வாழ்க்கையில் நடந்ததிலேயே கனமான நடை அது. ஒரெஸ்ட் நாற்காலியை விரித்துக்கொண்டிருந்தார், உட்காரச் சொல்லவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன் ஒரெஸ்ட். கொரின் எல்லாத்தையும் சொல்லிட்டா."

"சரி."

"எங்க எடம் போயிருச்சு. அது தாரஸுக்கு வரட்டும். அவன்தானே முதல்ல இருக்கான். வேற எவனுக்கோ போறதுக்கு அவனுக்குப் போனா ரூனாவுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். எல்லார் முன்னாடியும் நானே சொல்றேன்."

ஒரெஸ்ட் நாற்காலியில் உட்கார்ந்தார். "அவன் வேணாம்னுட்டான். நேத்தே கொரின்கிட்ட சொல்லியாச்சு."

"ஏன்?"

"நான்தான் சொல்லச் சொன்னேன். அவன் பொண்டாட்டி அழுதா. பேரப்பிள்ளைங்க எங்கூடப் பேசல." ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவன் அந்த எடத்துல வந்து உக்காந்தா, நீ அன்னைக்குச் சொன்னது நெசமாயிரும் தோரி."

தோரிக்கு அவமானத்தில் காது சுட்டது. தன் வண்டியை மட்டும் தான் பாழாக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பி வந்து ரூனாவிடம் சொன்னார். "அவர் அப்படித்தான் செய்வார்னு எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னாள். ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு போக ஆள் வந்த அன்று அவள் முகாமுக்கு வரவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் தோரியைப் பற்றி நல்லபடியாக ஒரு வார்த்தை சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் பழகின கை சும்மா இருக்குமா? ஜூன் முழுக்க ஒன்று அவரைக் குடைந்துகொண்டே இருந்தது. வேண்டாம் என்று வாயால் சொல்வது யாருக்கும் சுலபம். ஊர் மறந்ததும் தாரஸ் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருந்தால்? நம்பத்தான் நினைத்தார், ராத்திரி படுக்கும்போது நம்பிவிட்டதாகவும் நினைத்தார். காலையில் மறுபடி குடையும்.

ஜூலையில் ஒரு நாள், மீன் வாங்கி வருகிறேன் என்று ரூனாவிடம் சொல்லிவிட்டுக் காரை எடுத்தார். முகாம் வாசலில் நிறுத்திவிட்டு மரங்களுக்கு ஓரமாக நடந்து போனார். அவர் இடத்தில் புத்தம்புதிய வெள்ளை ட்ரெய்லர் நின்றது. முன்பின் தெரியாத ஒரு இளம் ஜோடி, ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையில் போனோடு உட்கார்ந்திருந்தார்கள். எதிரில், ஒரெஸ்டின் ட்ரெய்லருக்குப் பக்கத்தில் சின்னக் கூடாரம் அடித்து, தாரஸின் பிள்ளைகள் அதற்குள் இடம் போதாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தோரி திரும்பினார். நாற்காலியில் ஒரெஸ்ட் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறார் என்று தெரியவில்லை. தோரி எதற்காக வந்திருக்கிறார் என்று மட்டும் ஒரெஸ்டுக்குத் தெரிந்துவிட்டது.

"சரிபாத்துட்டியா?" என்று கேட்டார் ஒரெஸ்ட்.